கைப்பேசியில் ஒரு கடற்கரைக் காணொளி: மாணவர்களுக்கு ஒரு வழிகாட்டி

கடல் மாசு, பருவநிலை மாற்றம் போன்ற உலகப் பிரச்சினைகளைக் காணொளியாகச் சொல்ல முனையும் மாணவர்களில் பலர், சுழலும் பூமிப்பந்தையும் சோக இசையையும் இணையத்திலிருந்து எடுத்துக்கொண்டு, அவற்றின் மேல் பேச்சுப்போட்டிக்கு எழுதியது போன்ற உரையைப் படித்துவிடுகிறார்கள். பார்ப்பவர் அரை நிமிடத்தில் விலகிவிடுகிறார். அந்தப் பிரச்சினை உங்கள் ஊரில் எந்தப் பொருளாக வந்து கிடக்கிறது என்று தேடுவதே முதல் வேலை. கேமராவை அதன்பின் எடுக்கலாம்.

கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரையில் வசிக்கும் மாணவருக்கு அந்தப் பொருள் பிளாஸ்டிக் குருணையாக இருக்கலாம். வாளி, குடம், பாட்டில் எல்லாவற்றுக்கும் மூலப்பொருளான இந்தச் சின்னஞ்சிறு மணிகள், 2025 மே 25 அன்று எம்எஸ்சி எல்சா 3 என்ற சரக்குக் கப்பல் கொச்சிக்கு அப்பால் மூழ்கிய சில நாட்களில் இம்மாவட்டக் கரைகளிலும் ஒதுங்கின. 2021இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற கப்பல் தீப்பிடித்து மூழ்கியபோது, சுமார் 1,680 டன் குருணை கடலில் கொட்டியது. உள்ளூர்க் கரையில் தொடங்கும் கதையை வெளியுலகோடு இணைக்க இந்த இரண்டு தகவல்களே போதும். மூன்று நிமிடக் காணொளியில் அதற்கு மேல் புள்ளிவிவரம் அடுக்கினால் ஒன்றுகூட மனத்தில் நிற்காது.

காலை வெயில் ஏறுவதற்கு முன் படம்பிடித்து முடித்துவிடுங்கள். கைப்பேசியைக் கிடைமட்டமாகப் பிடித்து, அழைப்புகள் குறுக்கிடாதபடி விமானப் பயன்முறைக்கு மாற்றி, உப்புக்காற்றில் மங்கிப்போகும் லென்ஸை அடிக்கடி துடைத்துக்கொள்ள வேண்டும். கரை முழுவதும் தெரியும் காட்சி ஒன்று, மணலைச் சல்லடையில் சலிக்கும் கைகள் ஒன்று, பிறகு கையுறை அணிந்த உள்ளங்கையில் ஈரமணலுக்கிடையே மீன்முட்டை போல மின்னும் பத்துக் குருணைகள் மிக அருகில். ஒவ்வொன்றையும் அசையாமல் பத்து விநாடியாவது எடுங்கள். கையுறையை அழகுக்காகச் சொல்லவில்லை: எல்சாவில் இருந்த 640 கொள்கலன்களில் 13இல் ஆபத்தான சரக்கு இருந்தது.

ஒலியில்தான் பெரும்பாலான மாணவர் படங்கள் தோற்கின்றன. மங்கலான படத்தைப் பொறுத்துக்கொள்ளும் பார்வையாளர், கேட்காத பேச்சைப் பொறுத்துக்கொள்வதில்லை. கடற்கரையில் நான் எடுத்த முதல் நேர்காணலில் அரை மணி நேரமும் காற்றின் இரைச்சல் மட்டுமே பதிவாகியிருந்தது. வீட்டுக்கு வந்து கேட்ட பிறகே அது தெரிந்தது. அன்றிலிருந்து பேசுபவரைப் படகின் மறைவிலோ வலைக்கூடத்திலோ அமர்த்தி, கம்பியுள்ள இயர்போனின் மைக்கை அவருடைய சட்டைக்குள் மார்பருகே செருகி, ஒரு நிமிடம் பதிவுசெய்து அங்கேயே கேட்டுப் பார்த்த பிறகுதான் கேள்வியைத் தொடங்குகிறேன். யாரும் பேசாத அலையோசையையும் ஒரு நிமிடம் தனியாகப் பதிவுசெய்யுங்கள். படத்தொகுப்பில் வெட்டுகளை மறைக்க அது உதவும்.

மீனவரிடம் “பிளாஸ்டிக் மாசு பற்றி என்ன நினைக்கிறீர்கள்?” என்று கேட்டால் செய்தித்தாள் பதிலே வரும். “அன்றைக்குக் கரைமடி இழுத்தபோது வலையில் என்ன வந்தது, அண்ணா?” என்று கேளுங்கள். கரையிலிருந்து இழுக்கும் அந்த வலையின் மடியை அவர் உதறிக் காட்டத் தொடங்கினால் பேசாமல் கேமராவை அந்தக் கைகளை நோக்கித் திருப்புங்கள். பெயரையும் முகத்தையும் பயன்படுத்தலாமா என்று முன்கூட்டியே கேட்டு, சம்மதத்தை கேமராவிலேயே பதிவுசெய்துகொள்ளுங்கள். சிறுவர்களாக இருந்தால் பெற்றோரின் அனுமதி கட்டாயம்.

தொகுக்கும்போது உங்கள் குரலை இறுதியாகவே சேருங்கள். மீனவரின் பேச்சை முதலில் வரிசைப்படுத்திவிட்டு, அவர் சொல்லாமல் விட்டதை மட்டும் நீங்கள் சொன்னால் போதும்: உதாரணமாக, பிளாஸ்டிக் மாசைக் கட்டுப்படுத்தும் உலக உடன்படிக்கைக்காக 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் கூடிய நாடுகள் உடன்பாடு எட்டாமலே கலைந்தன என்பதை. வட்டாரப் பேச்சு பிற மாவட்டத்தாருக்கும் புரியும்படி வசன வரிகள் சேர்க்க வேண்டும். பிறர் இசையை அனுமதியின்றிச் சேர்க்க வேண்டாம். அலையோசை உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

பதிவேற்றுவதற்கு முன், பேசியவரிடமே படத்தைப் போட்டுக் காட்டுங்கள். வலையின் பெயரையோ ஊரின் பெயரையோ அவர் திருத்தினால், அன்றிரவே மாற்றிவிட்டுப் பிறகு வெளியிடுங்கள்.