மாதக் கணக்கில் அடங்காத செலவுகள்: சிக்கனத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிக்கனமான குடும்பம் என்று பெயரெடுத்த வீடுகளிலும் ஜூன் மாதத்தில் ஒரு கைமாற்றோ நகை அடகோ நடந்துவிடுகிறது. பள்ளிக் கட்டணம், சீருடை, நோட்டுப் புத்தகம், வேன் கட்டணம் எல்லாம் ஒன்றாக வந்து நின்றுவிட்டன, எதிர்பாராத செலவு என்கிறார்கள். பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும் என்பது ஊரறிந்த செய்தி. சம்பளம் மாதத்துக்கு ஒருமுறை வருவதால் செலவும் மாதத்துக்குள் அடங்கிவிடும் என்று எண்ணிக் கணக்குப் போடுவதுதான் குடும்ப வரவு செலவில் நாம் செய்யும் முதல் தவறு என்பேன். மற்ற தவறுகளில் பலவும் இதன் வாலைப் பிடித்துக்கொண்டு வருபவை.

மாவட்டத் தலைநகர் ஒன்றில் வாடகை வீட்டில் வாழும் நால்வர் குடும்பத்தை எடுத்துக்கொள்வோம். கைக்கு வரும் சம்பளம் 45,000 ரூபாய். வாடகை, மளிகை, பால், காய்கறி, பெட்ரோல், கைபேசி, வண்டிக் கடன் எல்லாம் போக மாதம் 38,000 ஆகிறது. ஆகவே 7,000 மிச்சம் என்று தாள் சொல்கிறது. இப்போது ஆண்டுக்கு ஒருமுறையோ இருமுறையோ வருபவற்றை எழுதுவோம். இரண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம் 60,000, தீபாவளியும் பொங்கலும் 22,000, மொய் 15,000, மருத்துவம் 10,000, வண்டிப் பராமரிப்பும் காப்பீடும் 7,000, குலதெய்வம் கோயிலுக்குப் போய்வர 6,000. கூட்டினால் 1,20,000, பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 10,000. தாளில் 7,000 மிச்சமாகத் தெரிந்தது உண்மையில் 3,000 பற்றாக்குறை. இந்த மூவாயிரந்தான் ஆண்டு முடிவில் 36,000 ரூபாய்க் கடனாக எங்கோ ஓரிடத்தில் போய் உட்கார்ந்துகொள்கிறது. அந்த வீட்டில் ஒருவரும் ஊதாரி இல்லை. இருந்தாலும் கடன் வளர்கிறது.

இதற்குத் தேவையான கருவி சுவரிலேயே தொங்குகிறது. மாதக் காலண்டரில் பண்டிகை நாட்களும் முகூர்த்த நாட்களும் முன்கூட்டியே அச்சாகி வருகின்றன. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் அநேகமாக இருக்காது. வைகாசி, ஆவணி, தை மாதங்களில் பத்திரிகைகள் குவியும். மொய்யைக் ‘கைச்செலவு’ என்ற தலைப்பில் தள்ளிவிடுவது பலருக்கும் வழக்கம். மொய் செலவு கிடையாது, அது தவணை குறிக்கப்படாத கடன். நம் வீட்டு விசேஷத்தில் யார் எவ்வளவு எழுதினார்கள் என்பது மொய் நோட்டில் இருக்கிறது. அவர்கள் வீட்டில் கல்யாண வயதில் பிள்ளைகள் இருக்கிறார்களா என்பதும் நமக்குத் தெரியும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் அடுத்த ஆண்டு எவ்வளவு திருப்ப வேண்டியிருக்கும் என்று ஏறக்குறையச் சொல்லிவிடலாம். தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் உள்ள பேராவூரணி, கீரமங்கலம், வடகாடு பகுதிகளில் ஆடி மாதத்தில் இதற்கென்றே மொய் விருந்து வைத்து, வந்த தொகையைத் தொழிலுக்கோ நிலத்துக்கோ முதலாகப் போடுகிறார்கள். அங்கே மொய்யை எவரும் அன்பளிப்பென்று எண்ணி மறந்துவிடுவதில்லை.

ஆண்டுச் செலவுக்கான பணத்தைச் சம்பளக் கணக்கிலேயே விட்டுவைப்பது அடுத்த தவறு. இருக்கிற பணம் இருக்கிற செலவைத் தேடிக்கொள்ளும். வேறொரு கணக்குக்கு மாற்றி வைக்கலாம், அல்லது மாதந்தோறும் ஒரு தொகை கட்டும் தொடர் வைப்பில் (ஆர்.டி.) போடலாம். ஆனால் தவணைக் காலத்தைப் பார்க்காமல் போட்டால் அதுவும் சிக்கல்தான். அஞ்சலகத் தொடர் வைப்பு மாதம் 100 ரூபாயிலேயே தொடங்கக்கூடிய நல்ல ஏற்பாடு, ஆனால் அதன் காலம் 5 ஆண்டுகள். இடையில் முடிக்க வேண்டுமென்றாலும் 3 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும். அடுத்த ஜூனுக்குத் தேவைப்படும் பள்ளிக் கட்டணத்தை அதில் போட்டுவிட்டு, ஜூனில் தனியாகக் கடன் வாங்கியவர்களை எனக்குத் தெரியும். அந்தத் தேவைக்கு மே மாதத்தில் முதிரும்படி வங்கியில் ஓராண்டுத் தொடர் வைப்புதான் பொருந்தும்.

சிக்கனம் என்றதும் டீயை நிறுத்துவது, பேருந்துக்குப் பதிலாக நடப்பது என்று தொடங்குபவர்கள் ஏராளம். நாளுக்கு இரண்டு டீ, ஒன்று 12 ரூபாய் என்றால் 26 வேலை நாளுக்கு 624 ரூபாய். அது சிறு தொகையில்லை என்பது உண்மைதான். ஆனால் வீட்டு வாடகையிலோ, தேவைக்கு மேல் பெரிய வண்டியிலோ, சொந்தக்காரர் முன்னால் குறைவாகத் தெரியக்கூடாதென்று எடுத்த கடனிலோ மாதம் ஐயாயிரம் போய்க்கொண்டிருக்கையில், டீயை விட்டவருக்குத் தான் சிக்கனமாக இருப்பதாக ஒரு நிறைவு வந்துவிடுகிறது. ஆனை அசைந்து தின்னும், வீடு அசையாமல் தின்னும் என்பது சும்மா சொன்னதில்லை.

சிறியதென்றாலும் கவனித்தே ஆகவேண்டிய ஒன்று மின்கட்டணம், ஏனென்றால் அது சமமாக ஏறுவதில்லை, படிக்கட்டாக ஏறுகிறது. தமிழ்நாட்டில் வீட்டு மின்சாரம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை கணக்கிடப்படுகிறது. 2022 செப்டம்பரில் திருத்தப்பட்ட கட்டணப்படி, மொத்தப் பயன்பாடு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், அடுத்த 100 யூனிட்டுக்கு 2.25 ரூபாய், 201 முதல் 400 வரை 4.50, அதற்கு மேல் 500 வரை 6 ரூபாய். சரியாக 500 யூனிட் ஓடியிருந்தால் 1,725 ரூபாய். ஒரு யூனிட் கூடி 501 ஆனால் 101 முதல் 200 வரையிலான யூனிட்டுகளும் 4.50 ஆகிவிடும், 501-ஆவது யூனிட்டுக்கு 8 ரூபாய். மொத்தம் 1,958. அந்த ஒரு யூனிட்டின் விலை 233 ரூபாய்! 2024 ஜூலையில் விலைகள் சற்று உயர்ந்தபோதும் படிக்கட்டின் அமைப்பு இதே போலத்தான் இருந்தது. கணக்கீட்டாளர் வந்து எழுதிவிட்டுப் போன பிறகு வருந்திப் பயனில்லை. அட்டையில் உள்ள கடைசி அளவையும் தேதியையும் பார்த்து, நாற்பதாவது நாள் வாக்கில் மீட்டரை ஒருமுறை நாமே படித்தால் போதும். அன்றைக்கு 330 யூனிட் ஓடியிருந்தால், அதே வேகத்தில் அறுபதாவது நாளில் 495-இல் வந்து நிற்கும். ஏசி ஓடும் மே மாதத்தில் அது நிற்காது. தள்ளிப்போடக்கூடிய இஸ்திரியையும் மோட்டாரையும் அடுத்த கணக்குக்குத் தள்ளலாம், இரவு ஏசியை ஒரு மணி நேரம் முன்னதாக நிறுத்தலாம்.

கடன் அட்டையில் செய்யப்படும் தவறு எல்லாருக்கும் தெரிந்ததே, ஆனாலும் அதன் கணக்கைப் போட்டுப் பார்த்தவர்கள் குறைவு. 30,000 ரூபாய்க்குப் பில் வந்திருக்கிறது, குறைந்தபட்சத் தொகை 5 விழுக்காடு என்று 1,500 கட்டுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். மீதி 28,500-க்கு மாதம் 3.5 விழுக்காடு வட்டி ஏறத்தாழ 998 ரூபாய், அதன்மேல் 18 விழுக்காடு ஜிஎஸ்டி 180 ரூபாய். கட்டிய 1,500-இல் அசலில் கழிந்தது சுமார் 320 ரூபாய்தான். இதிலும் மோசமானது, முழுத் தொகையையும் கட்டாதபோது வட்டி பொருள் வாங்கிய நாளிலிருந்தே ஓடத் தொடங்கும். அந்த மாதம் புதிதாக வாங்குபவற்றுக்கும் வட்டியில்லாக் காலம் கிடையாது. ஊரில் ஒருவர் மூன்று வட்டிக்குப் பணம் தருகிறேன் என்றால் அவரைக் கண்டாலே ஒதுங்கிப்போகும் நாம், மூன்றரை வட்டி அட்டையைப் பணப்பையில் வைத்துக்கொண்டு நடக்கிறோம். ‘நோ காஸ்ட் இஎம்ஐ’ பற்றியும் ஒரு சொல்: வட்டியே இல்லாத தவணை என்று எதுவுமில்லை என்பதால்தான் ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரில் பூஜ்ய விழுக்காட்டுத் தவணைத் திட்டங்களைக் கூடாதென்றது. இப்போது வட்டிக்கு ஈடான தொகையைத் தள்ளுபடியாகக் காட்டுகிறார்கள். வட்டிமேல் வரும் ஜிஎஸ்டியும் பரிசீலனைக் கட்டணமும் நம் தலையில் விழும். ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கடையில் ஒருமுறை கேட்டுவிடுவது நல்லது.

நகைச் சீட்டையும் ஏலச்சீட்டையும் அவசர கால இருப்பாக எண்ணுவதும் தவறே. நகைக்கடைத் திட்டங்கள் பெரும்பாலும் 11 மாதமாக இருப்பதற்குக் காரணம், பொருளுக்கான முன்பணத்தை 365 நாளுக்குள் பொருளாகக் கணக்குத் தீர்க்க வேண்டும் என்ற கம்பெனிச் சட்ட விதி. அதாவது நாம் போட்டிருப்பது சேமிப்பாகாது, வாங்கப்போகும் நகைக்கான முன்பணம். வங்கி வைப்புக்கு 5 லட்சம் வரை இருக்கும் காப்பீடு அதற்கில்லை. மகள் கல்யாணத்துக்கு எப்படியும் நகை வேண்டும், செய்கூலியிலும் சேதாரத்திலும் சலுகை கிடைக்கும் என்றால் போடலாம்; மருத்துவமனையில் முன்பணம் கேட்கும் நாளில் அது உதவாது. ஏலச்சீட்டில், அது 1982-ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவானதா என்று கேட்பதற்கே கூச்சப்படுகிறோம். பதிவான சீட்டாக இருந்தாலும், 1 லட்ச ரூபாய்ச் சீட்டை மூன்றாவது மாதத்திலேயே 25,000 தள்ளி, அதாவது அவ்வளவையும் விட்டுக்கொடுத்து, எடுப்பவர் சேமிக்கவில்லை, கடன் வாங்குகிறார். வங்கி நகைக்கடனைவிட அது மலிவா என்று பார்த்த பிறகே ஏலத்தில் வாய் திறக்க வேண்டும்.

குறைக்கக் கூடாத இடத்தில் குறைப்பது தனி வகைத் தவறு. இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் தினமும் சாப்பிட வேண்டிய மாத்திரையை ஒருநாள் விட்டு ஒருநாள் சாப்பிட்டுச் செலவைக் குறைப்பவர்கள் நம் வீடுகளிலேயே இருக்கிறார்கள், பெரும்பாலும் அம்மாக்கள். மருந்தைக் குறைக்காமல் விலையைக் குறைக்க வழியிருக்கிறது: மருந்தின் மூலப்பெயரை (ஜெனரிக் பெயரை) மருத்துவரிடம் கேட்டு எழுதி வாங்கிக்கொண்டு, மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ அதே மருந்தை வாங்கலாம். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்கள் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை உடம்புக்கு வந்த பிறகு தேடாமல் முன்பே எடுத்து வைத்திருக்க வேண்டும். வண்டிக்கும் இது பொருந்தும். புதிய இருசக்கர வாகனத்துக்கு நம் வண்டியால் மற்றவருக்கு ஏற்படும் இழப்பை ஈடுகட்டும் மூன்றாம் தரப்புக் காப்பீடு, வண்டி வாங்கும்போதே 5 ஆண்டுக்கு எடுக்கப்படுவதால், எல்லாக் காப்பீடும் ஐந்தாண்டுக்கு இருப்பதாகப் பலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். நம் வண்டியின் சேதத்துக்கும் திருட்டுக்குமான பகுதி முதலாண்டோடு முடிந்திருக்கும்.

மொத்தமாக வாங்கினால் மலிவு என்பது பாதி உண்மை. மாசி, பங்குனியில் புது வரத்து வரும்போது ஆண்டுக்குத் தேவையான புளியை வாங்கி, கொட்டை நார் எடுத்து, வெயிலில் காயவைத்து, கல்லுப்புத் தூவிப் பானையில் அமுக்கி வைத்த வீடுகளில் கணக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள். வரத்துக் காலமும் வெயில் காலமும் ஒன்றாக வருவதால் அது பலித்தது. அதே நினைப்பில் ஆடித் தள்ளுபடியில் ஐந்து கிலோ பருப்பை அள்ளிவந்து, மழைக்காலத்தில் வண்டோடு கொட்டினால் தள்ளுபடி யாருக்கு?

இனி, கணக்கெழுதும் முறை. என் அலமாரியில் இருக்கும் நான்கு வரவு செலவு டைரிகளில் மூன்று ஜனவரி மாதத்தையே தாண்டவில்லை. கொத்தமல்லி 10, ஆட்டோ 60, செருப்பு தைக்க 30 என்று பைசா விடாமல் எழுதத் தொடங்கியதுதான் காரணம். மூன்று நாள் விட்டுப்போனால் நான்காவது நாள் டைரியைத் திறக்கவே மனம் வராது. நான்காவது டைரி மட்டும் டிசம்பர் வரை போனது. அதில் ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று எண்களை எழுதினேன்: அந்த வாரம் போன மொத்தம், ஆண்டுச் செலவுக் கணக்கில் இருப்பு, யாருக்காவது தரவேண்டியது. யுபிஐ வந்தபிறகு பத்துக்கும் இருபதுக்கும் பையைத் தொடாமலே பணம் போய்விடுகிறது. அன்றாடச் செலவுக்கென ஒரு சிறு கணக்கைத் தனியாக வைத்து, திங்கள்தோறும் ஒரு தொகையை அதில் போட்டு, யுபிஐயை அதனோடு மட்டும் இணைத்தால் அந்த வாரத்து மொத்தத்தைக் கூட்டிப் பார்க்கக்கூடத் தேவையில்லை.

கடைசியாக, வீட்டுப் பெண்களின் சிறுவாட்டுப் பணத்தைக் குடும்பக் கணக்கின் உபரியாகப் பார்ப்பது. பழைய ஐந்நூறு, ஆயிரம் ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்த 2016 நவம்பர் 8 இரவுக்குப் பிறகு, அரிசிப் பானையிலிருந்தும் பட்டுப்புடவை மடிப்பிலிருந்தும் ஐந்நூறும் ஆயிரமுமாக எடுத்துவந்து கணவரிடம் கொடுத்தார்கள்; வங்கியில் மாற்றிய பணம் எத்தனை வீடுகளில் அதே கைக்குத் திரும்பியது என்பதைக் கொடுத்தவர்களிடந்தான் கேட்க வேண்டும். ஆத்திர அவசரத்துக்கு அதிலிருந்து எடுக்க நேர்ந்தால், மற்றவரிடம் வாங்கிய கடனைப் போலவே தேதியும் தொகையும் டைரியில் ஏற வேண்டும், ஞாயிற்றுக்கிழமை எழுதும் ‘தரவேண்டியது’ என்ற மூன்றாவது எண்ணில் அது தீரும்வரை இருக்க வேண்டும்.