கருமருந்துத் துப்பாக்கியின் குழலைக் கழுவுவது எப்படி?

கருமருந்துத் துப்பாக்கியைப் புதிதாக வாங்குகிறவர்கள் குழலைத் துடைக்கக் கடையில் முதலில் தேடுவது எண்ணெயைத்தான். ஆனால் இந்தக் குழலைச் சுத்தம் செய்வது தண்ணீர். எண்ணெய் கடைசியில்தான் வரும், அதுவும் துருப்பிடிக்காமல் காக்க மட்டும்.

காரணம் மருந்திலேயே இருக்கிறது. கருமருந்தில் சுமார் 75 பங்கு வெடியுப்பு, 15 பங்கு கரி, 10 பங்கு கந்தகம். எரிந்ததும் இதில் பாதிக்கு மேல் வாயுவாவதில்லை. பொட்டாசியம் கார்பனேட், சல்பேட், சல்பைடு என்று உப்புகளாக மாறி, கொஞ்சம் வெண்புகையோடு வெளியே போக, மிச்சம் குழலுக்குள் படிந்துவிடும். இந்த உப்புகள் எண்ணெயில் கரையாது, தண்ணீரில் உடனே கரையும். சும்மா விட்டால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பின் மேலேயே வைத்துக்கொள்ளும். அதனால்தான் சுட்ட அன்றே கழுவ வேண்டும். 1857-இல் அவ்வளவு பெரிய கலவரத்துக்குப் பொறியாகிப் போன என்ஃபீல்டு தோட்டாவின் கொழுப்புகூட, கசடு இறுகாமல் இளக்கமாக இருந்து அடுத்த குண்டு எளிதாக இறங்கவேண்டும் என்பதற்காகத் தடவியதுதான்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது 50 காலிபர், அதாவது குழலின் உள்விட்டம் அரை அங்குலம் உள்ள, ஹாக்கன் வகை ரைஃபிள். செயின்ட் லூயிஸில் ஜேக்கப், சாமுவேல் என்ற ஹாக்கன் சகோதரர்கள் செய்த துப்பாக்கியின் வழிவந்த மாதிரி. குழலின் வாய்வழியாக மருந்து கெட்டித்து, பின்னால் நிப்பிள் என்ற துளையுள்ள சிறு திருகுமுனையில் கேப் செருகிச் சுடுவது. கேப் என்பது சுத்தியல் அடித்ததும் வெடித்து மருந்தைப் பற்றவைக்கும் சின்ன உலோகக் குப்பி.

முதலில், உள்ளே மருந்து இருக்கிறதா என்று பாருங்கள்

இதை அவசரமாகச் செய்யாதீர்கள். வாய் யார் பக்கமும் திரும்பாமல் இருக்கட்டும். நிப்பிளில் கேப் இருந்தால் எடுத்துவிடுங்கள். கெட்டிக்கும் கம்பியைக் குழலின் அடிவரை இறக்கி, வாயோடு சமமாக இருக்கும் இடத்தில் விரலால் பிடித்துக்கொண்டு வெளியே எடுங்கள். அதைக் குழலுக்கு வெளியே ஒட்டி வைத்துப் பார்த்தால் முனை நிப்பிள் இருக்கும் இடம்வரை வரவேண்டும். முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே மருந்தும் குண்டும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் கழுவுகிற வேலையை அங்கேயே நிறுத்திவிட்டு, தெரிந்த ஒருவரிடம் காட்டுங்கள்.

தேவையானவை

ஒரு வாளி, வெதுவெதுப்பான தண்ணீர், சில சொட்டு பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம். குழலின் நீளத்துக்கு மேல் வரும் கழுவும் கம்பி ஒன்று, அதன் நுனியில் மாட்ட உங்கள் காலிபருக்கு ஏற்ற பித்தளை ஜாக் (துணியைப் பிடித்துக்கொள்ளும் முனை). நிப்பிள் கழற்றும் சாவி. பருத்தித் துணித்துண்டுகள் நிறைய. பழைய பனியனே போதும்.

கொதிக்கும் தண்ணீர் வேண்டும் என்று சொல்பவர்கள் உண்டு. சூட்டில் குழல் சீக்கிரம் காயும் என்பது உண்மைதான். ஆனால் அந்தச் சூட்டிலேயே கண்ணெதிரே இளந்துருவும் படரும், கையும் சுடும். இந்த உப்புகளைக் கரைக்க வெதுவெதுப்பே தாராளம். ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த கரைசல்களை நான் பரிந்துரைக்க மாட்டேன், அது இரும்பைத் தாக்கும்.

கழுவுவது

சுத்தியலைப் பின்னுக்கு இழுத்து நிறுத்திவிட்டு, கட்டையின் குறுக்கே இருக்கும் ஆப்பைத் தட்டி எடுங்கள். குழலின் வாய்ப்பக்கத்தை மேலே தூக்கினால் பின்பக்கக் கொக்கி விலகி, குழல் தனியே வந்துவிடும். நிப்பிளைக் கழற்றி ஒரு கிண்ணத்துத் தண்ணீரில் ஊறப்போடுங்கள்.

குழலின் பின்முனையை வாளிக்குள், நிப்பிள் துளை மூழ்கும்படி நிறுத்துங்கள். நனைத்த துணியை ஜாக்கில் வைத்து வாய்வழியாக அடிவரை இறக்கி, சைக்கிளுக்குக் காற்றடிப்பதுபோல மேலும் கீழும் இழுங்கள். மேலே இழுக்கும்போது தண்ணீர் துளைவழியாக ஏறும், அழுத்தும்போது பீறிட்டு வெளியேறும். முதல் சில இழுப்பிலேயே வாளித்தண்ணீர் மைக்கறுப்பாகி, அழுகிய முட்டை வாடை எழும்பும். சல்பைடு கரைகிறது என்பதற்கு அதுவே அடையாளம். தண்ணீரை மாற்றி, தெளிவாக வரும்வரை செய்யுங்கள். கடைசி வாளியில் சோப்பு வேண்டாம்.

இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். கம்பி குழலின் வாய்விளிம்பில் உரசக்கூடாது, குண்டு கடைசியாகத் தொட்டுப் போகும் இடம் அதுதான். விளிம்பு தேய்ந்தால் குறி தவறும். அப்புறம், துணி தடிமனாக இருந்தால் ஜாக் உள்ளேயே இறுகிவிடும். கொஞ்சம் முயற்சி செய்தாலே இறங்குகிற அளவு போதும்.

கேப்புக்குப் பதில் சக்கிமுக்கிக் கல்லின் பொறியால் சுடும் பிளின்ட்லாக் துப்பாக்கிகள் பலவற்றில் குழலைச் சிறு ஊசிகள் கட்டையோடு பிடித்திருக்கும். அவற்றை ஒவ்வொரு தடவையும் பிடுங்கினால் மரம் பிளந்துவிடும். லாக்கை (சுத்தியல் இருக்கும் பொறியமைப்பை) மட்டும் கழற்றிவிட்டு, பக்கத் துளையைப் பல்குத்தும் குச்சியால் அடைத்து, வாய்வழியாகத் தண்ணீர் ஊற்றிச் சில நிமிடம் நிறுத்திக் கவிழ்த்துவிடுங்கள்.

காயவைப்பது

உலர்ந்த துணிகளை ஒவ்வொன்றாக விட்டு எடுங்கள், ஈரமோ கறுப்போ இல்லாமல் வரும்வரை. ஹாக்கனின் அடியில் குழலைவிடக் குறுகலான மருந்தறை ஒன்று இருக்கும். ஜாக் அங்கே போகாது, ஈரமும் கசடும் ஒளிந்துகொள்வது அங்கேதான். சின்ன பிரஷ்ஷின் மேல் துணியைச் சுற்றி அதையும் துடைத்தெடுங்கள். நிப்பிளின் துளையில் மெல்லிய கம்பி விட்டு, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் துளை வட்டமாகத் தெரியவேண்டும். மரையில் துளி கிரீஸ் தடவித் திருகினால் அடுத்த முறை அடம்பிடிக்காது.

அதன்பின் எண்ணெய் நனைத்த துணி ஒன்றை மெதுவாக அடிவரை விட்டு எடுங்கள். லாக்கையும் ஈரத்துணியால் துடைத்து, காயவைத்து, ஒரு பூச்சு கொடுங்கள்.

மறுநாள் ஒரு வெள்ளைத் துணியை விட்டுப் பாருங்கள். செம்பழுப்பாக வந்தால் கழுவியது போதவில்லை, மறுபடி கழுவுங்கள். சுத்தமாக வந்தால் லேசாக எண்ணெய் தடவி, வாய் கீழே பார்க்கும்படி நிறுத்திவையுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய் வடிந்து மருந்தறையில் தேங்கும். அடுத்து சுடும் நாளில் மருந்து கெட்டிப்பதற்கு முன் உலர்ந்த துணியால் அந்த எண்ணெயை முழுதும் எடுத்துவிடுங்கள். எண்ணெய் மிச்சமிருந்தால் மருந்து நனையும், கேப் வெடித்தாலும் துப்பாக்கி சுடாது.