செக் ஜாவாவுக்குக் கடல் வற்றும் நேரம் பார்த்துப் போங்கள்

சிங்கப்பூரின் புலாவ் உபின் தீவுக்குப் போகிறவர்களில் பலர் விடுமுறை நாளை மட்டும் பார்க்கிறார்கள், கடல் ஏற்ற இறக்க அட்டவணையைப் பார்ப்பதில்லை. அந்தத் தீவிலுள்ள செக் ஜாவா சதுப்புநிலத்தில் நீர்மட்டம் 0.5 மீட்டர் அல்லது அதற்கும் கீழே இருந்தால்தான் கடற்புல்லும் நண்டும் நட்சத்திர மீனும் நடைபாலத்திலிருந்தே தெரியும். இல்லாவிட்டால் வெறும் தண்ணீர்தான். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் கடல் நன்றாக வற்றும். மட்டம் மிகக் குறையும் நேரத்துக்கு ஒரு மணி நேரம் முன்பே அங்கே இருங்கள்.

சாங்கி முனை படகுத்துறையில் 12 பேர் சேர்ந்ததும் தீவுக்குப் படகு புறப்படும். நேர அட்டவணை கிடையாது. வார நாட்களில் ஆள் சேரத் தாமதமாகலாம், அதையும் கணக்கில் வையுங்கள். கட்டணம் ஆளுக்கு 4 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ரொக்கமாக.

தீவில் இறங்கியதும் வரும் கிராமத்திலிருந்து செக் ஜாவாவுக்கு நடந்தால் சுமார் 40 நிமிடம். வாடகை சைக்கிள் எடுப்பதானால் இரண்டு பிரேக்கையும் கியரையும் அங்கேயே ஓட்டிப் பாருங்கள். உள்ளே பழுது பார்க்க யாருமில்லை. சரளைக்கல் இறக்கத்தில் முன் பிரேக்கை மட்டும் அழுத்தினால் சக்கரம் வழுக்கிவிடும். சதுப்புநிலத்துக்குள் சைக்கிள் போகாது, வாசலில் பூட்டிவிட்டு நடக்க வேண்டும்.

பிளாஸ்டிக் பை மட்டும் கையில் வேண்டாம். அதைக் கண்டாலே உணவென்று குரங்குகள் பறிக்க வரும். எல்லாவற்றையும் முதுகுப்பைக்குள் மூடி வையுங்கள். காட்டுப்பன்றிக்கு உணவு போடாதீர்கள், குறிப்பாகக் குட்டிகளோடு நிற்கும்போது நெருங்கவே கூடாது.

இருட்டுவதற்குள் படகுத்துறைக்குத் திரும்பிவிடுங்கள்.