போஸ்டர் அருகே நிற்பவரிடமிருந்து தொடங்குங்கள்

எங்கள் மருத்துவக் கல்லூரியில் மாணவர்களே ஆண்டுதோறும் நடத்தும் ஆய்வுக் கருத்தரங்கில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். கடைசி வருடம் செயலாளர். இனி பொறுப்பேற்கப்போகிற ஜூனியர்களுக்காக எழுதுகிறேன்.

ஆறு மாதம் முன்பே டீனிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி, ஆடிட்டோரியத்தைப் பிடித்துவிடுங்கள். பல்கலைத் தேர்வு பக்கத்தில் வந்தால் யாரும் வரமாட்டார்கள். துவக்க விழா இருபது நிமிடம் போதும்.

ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) மருத்துவ மாணவர்களுக்காக 1979இல் தொடங்கிய எஸ்.டி.எஸ். என்ற குறுகிய கால ஆய்வு உதவித்தொகைத் திட்டத்தில் 2 மாத ஆய்வு செய்த சீனியர்களைத் தேடிப் போங்கள். அறிக்கை அனுப்பியதோடு விட்டிருப்பார்கள். நேரில் கேட்டால் அந்த ஆய்வைக் கருத்தரங்குக்குச் சந்தோஷமாகத் தருவார்கள்.

ஆய்வுச் சுருக்கத்துக்கு 250 சொல் வரம்பு வையுங்கள். பெயரையும் கல்லூரியையும் நீக்கி, எண் மட்டும் போட்டு இரண்டு பேரிடம் மதிப்பிடக் கொடுங்கள். அந்த ஆய்வுக்கு வழிகாட்டிய கைடு கையிலேயே போகக்கூடாது. எத்திக்ஸ் கமிட்டி ஒப்புதல் எண் இல்லாத நோயாளி ஆய்வை எடுக்கவே வேண்டாம். ஒருமுறை, ஆய்வை விளக்கிப் பலகையில் மாட்டும் போஸ்டர் ஒன்றில் எக்ஸ்ரே மூலையில் நோயாளியின் பெயரும் ஓ.பி. எண்ணும் அப்படியே இருந்தன. காலை எட்டரைக்குத்தான் கண்ணில் பட்டது. கறுப்பு டேப் ஒட்டி மறைத்தோம். நம்மை நம்பிப் படுத்த மனிதரின் பெயர் அது. அதன்பின் பிடிஎஃப்பை ஒரு வாரம் முன்பே வாங்கி, ஒவ்வொரு படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தோம்.

அறிவிப்பில் போஸ்டர் தாளின் அளவை 'ஏ0' என்று மட்டும் போடாதீர்கள். அதன் அளவு 84.1 x 118.9 செ.மீ.; நிமிர்ந்த வாக்கில்தான் என்று சேர்த்து எழுதுங்கள். நாங்கள் எழுதவில்லை. வாடகைப் பலகையோ 3 அடி அகலம். மதுரையிலிருந்து இரவு பஸ்ஸில் வந்த ஒரு பெண் படுக்கை வாக்கில் அச்சிட்ட போஸ்டரை விரித்தபோது, இரு பக்கமும் ஐந்து அங்குலம் வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. அவள் முகம் வாடியதை மறக்க முடியவில்லை. இரண்டு பலகைகளைச் சேர்த்துக் கட்டிக் கொடுத்தோம்.

போஸ்டர் நேரத்தைச் சாப்பாட்டு வேளையில் தள்ளிவிடாதீர்கள். கருத்தரங்கின் உயிரே அங்கேதான் இருக்கிறது. ஒரு நடுவருக்குப் பத்து போஸ்டருக்கு மேல் கொடுத்தால் கடைசி நான்கை நின்று படிக்கமாட்டார்.

முதல் வருடம் வேறொரு கல்லூரியில் ரத்தசோகை பற்றிய என் போஸ்டரோடு இரண்டு மணி நேரம் நின்றேன். யாரும் வரவில்லை. கழற்றப்போகும் நேரத்தில் ஒரு பேராசிரியை வந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, இரண்டாம் அட்டவணையை விரலால் தொட்டுப் படித்தார். "ஃபெரிட்டின் பார்த்திருக்கிறாய், சி.ஆர்.பி. ஏன்மா பார்க்கலை?" ஃபெரிட்டின் உடம்பின் இரும்புச் சேமிப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை; சி.ஆர்.பி. அழற்சியைக் காட்டுவது. உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் கூடிவிடும், இரும்புச்சத்துக் குறைவு அதில் மறைந்துபோகும். எனக்கு அது தெரிந்திருக்கவில்லை. என் அடுத்த ஆய்வு அந்தக் கேள்வியிலிருந்துதான் பிறந்தது.

அதனால், ஹவுஸ் சர்ஜன்கள், பி.ஜி.க்களில் இருபது பேரைப் பிடியுங்கள். ஆளுக்கு மூன்று போஸ்டர் எண்களைச் சீட்டில் எழுதி, சுருக்கத்தின் நகலோடு முந்தின நாள் மாலையே கொடுங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு கேள்வியாவது கேட்டுவிட்டு வரச் சொல்லுங்கள்.