பை கசிந்ததற்கு ஓட்டைதான் காரணம்

தென்னையிலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டதில், தொப்புளுக்கு மேலேயே எனக்கு உணர்ச்சி நின்றுவிட்டது. தினமும் காலையில் மலம் எடுக்கவே இரண்டு மணி நேரம் போகும். அதனால் நானே கேட்டுத்தான் கொலோஸ்டமி செய்துகொண்டேன்; பெருங்குடலை வயிற்றில் ஒரு துளை வழியே வெளியே எடுத்து, மலம் வயிற்றில் ஒட்டிய பையில் சேரும்படி செய்யும் அறுவை அது. அதில் எனக்கு இன்றும் வருத்தமில்லை.

ஆனால் மூன்றாம் மாதம் பை கசிய ஆரம்பித்தது. எரிச்சலோ அரிப்போ தெரியாது. வாடை வந்த பிறகுதான் தெரியும். என் மனைவி பார்த்துவிட்டு, "என்னங்க, தோல் இப்படிச் செவந்து கிடக்கு!" என்று பதறினாள்.

அளவெடுக்கும் அட்டையை வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் புரிந்தது. அறுவை முடிந்த சில வாரங்களில் வீக்கம் வடிந்து ஸ்டோமா, அதாவது வயிற்றில் வெளியே தெரியும் குடல் வாய், சுருங்கிவிடும். நானோ ஆஸ்பத்திரியில் வெட்டிக் கொடுத்த பழைய அளவிலேயே, பையை வயிற்றில் ஒட்டவைக்கும் தகட்டில் ஓட்டை போட்டுக்கொண்டிருந்தேன். சுற்றிலும் அரை விரல் அகலத்துக்குத் தோல் வெளியே தெரிந்தது. மலம் அங்கேதான் பட்டிருக்கிறது.

இப்போது ஸ்டோமாவைவிட 2 மி.மீ. மட்டும் பெரிதாக வெட்டுகிறேன். வெறும் தண்ணீரில் கழுவி, ஈரம் போகத் துடைத்து, தகட்டை உள்ளங்கைச் சூட்டில் வைத்திருந்து ஒட்டுவேன். அப்புறம் இன்னொன்று: சக்கர நாற்காலியில் உட்கார்ந்தால் வயிற்றில் ஒரு மடிப்பு விழும். படுத்துப் பார்த்தால் அது தெரியாது. உட்கார்ந்தபடியே கண்ணாடியில் பார்த்து, அந்தப் பள்ளத்தை ஸ்டோமாவுக்கென்றே உள்ள பேஸ்ட்டால் நிரப்பினேன். மூன்றில் ஒரு பங்கு நிறைந்ததுமே பையைக் காலி செய்கிறேன்.

பத்து நாளில் தோல் ஆறிவிட்டது. கண்ணாடியை மட்டும் தினமும் எடுக்கிறேன்.