நின்றுபோன குறிப்பேட்டை மறுபடி திறக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன ஆடி மாதம் நாகர்கோவில் வடசேரி பேருந்து நிலையத்தில் பழைய நண்பர் ஒருவரின் அப்பாவைப் பார்த்தேன். வீட்டில் எல்லாரையும் விசாரித்துவிட்டு, "இப்பம் ஒண்ணும் எழுதலியா மக்கா?" என்று கேட்டார். படித்த புத்தகம், கேட்ட பாட்டு, வீட்டிலும் தெருவிலும் நடந்தது என்று பல வருடம் நோட்டுகளில் எழுதிவந்தவன் நான். 2017 கடைசியில் நின்றது, ஆறு வருடம் அப்படியே கிடந்தது. திரும்ப எழுத மூன்று முறை முயன்று விட்டேன், நான்காவது முறைதான் நிலைத்தது. அந்த மூன்று முறையும் எங்கே தடுக்கியது என்று யோசித்துப் பார்த்ததையும், இதேபோல் திரும்பிவந்த நண்பர்களிடம் கண்டதையும் சேர்த்து இங்கே சொல்கிறேன்.

பெரும்பாலோரை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுகிற தவறு, பாக்கி தீர்க்க உட்காருவது. ஆறு வருடம் விட்டுப்போனால் அந்த ஆறு வருடத்தையும் முதலில் எழுதிவிட்டு இன்றைக்கு வந்து சேரலாம் என்று தோன்றும். நான் ஒக்கி புயலில் இருந்து தொடங்கினேன். 2017 நவம்பர் 30. ரப்பர் மரங்கள் முறிந்து கிடந்தது, வாழை அத்தனையும் சாய்ந்தது, கரண்ட் இல்லாத ராத்திரிகள், கடலுக்குப் போனவர்களைத் தேடிக் கரையில் நின்ற குடும்பங்கள். எழுத எழுத ஒன்று தெரிந்தது: இதில் எது நான் கண்ணால் பார்த்தது, எது செய்தித்தாளில் படித்தது, எது மற்றவர்கள் சொல்லிக் கேட்டது என்று எனக்கே பிரிக்க முடியவில்லை. மூன்றாம் நாள் நோட்டை மூடினேன். அப்புறம் ஐந்து மாதம் அதைத் தொடவில்லை.

அன்றன்று எழுதுவது ஒரு வேலை, நினைவில் இருந்து எழுதுவது வேறொரு வேலை. இரண்டையும் ஒரே நோட்டில், ஒரே மூச்சில் செய்யப் பார்த்தால் இரண்டும் கெடும். இன்றைய தேதியைப் போட்டு இன்றைக்கு நடந்ததில் இருந்து தொடங்குங்கள். விட்டுப்போன வருடங்கள் தானாக உள்ளே வரும். முற்றத்தில் நிற்கும் முருங்கையைப் பற்றி எழுதும்போது, அதே இடத்தில் புயலில் விழுந்த பழைய முருங்கை வரும். அப்போது அதையும் எழுதி, பக்கத்தில் "நினைவிலிருந்து" என்று ஒரு சொல் போட்டுக்கொள்ளுங்கள். பின்னால் படிப்பவருக்கு அந்த ஒரு சொல் பெரிய உதவி. ஏன் இத்தனை நாள் எழுதவில்லை என்று காரணம் சொல்லி இரண்டு பக்கம் நிரப்பவும் வேண்டாம். "2017 டிசம்பர் முதல் எழுதவில்லை" என்ற ஒரு வரி போதும்.

பழைய நோட்டுகளைக் கிழிப்பது அடுத்தது. திரும்ப எழுதும் ஆசை வந்ததும் பழையதை எடுத்துப் படிப்போம், இருபத்தைந்து வயதில் எழுதியது கூச்சம் தரும். நான் 2003-ஆம் வருட நோட்டு ஒன்றை அப்படிக் கிழித்துப் போட்டேன். என் பாட்டா, அதாவது தாத்தா, இறந்த வருடம் அது. அவர் கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பேசியது அதில்தான் இருந்தது. கூச்சமாக இருந்தால் துணியில் சுற்றி அலமாரியின் மேல்தட்டில் வையுங்கள். கையில் எடுக்காமல் இருந்தாலே போதும்.

புத்தகங்களைப் பற்றி எழுதும்போது நாம் எல்லாரும் செய்வது கதைச்சுருக்கம் எழுதுவது. பள்ளிக்கூடத்தில் பழகியது போகவில்லை. கதைச்சுருக்கம் புத்தகத்திலேயே இருக்கிறது, அதற்கு உங்கள் நோட்டு தேவையில்லை. எந்தப் பக்கத்தில் படிப்பதை நிறுத்தி ஜன்னலுக்கு வெளியே பார்த்தீர்கள், எந்த இடம் உங்களை நெருடியது, எந்தப் பாத்திரம் உங்களுக்குத் தெரிந்த யாரையோ நினைவூட்டியது என்பதெல்லாம் உங்கள் நோட்டில் மட்டும்தான் இருக்க முடியும். பாதியில் விட்ட புத்தகத்தையும் எழுதுங்கள். நாகர்கோவிலில் இருந்து தேங்காப்பட்டணம் போகும் பேருந்தில் ஒரு நாவலை அறுபதாம் பக்கத்தோடு மூடி வைத்தேன். ஏன் மூடினேன் என்று நாலு வரி எழுதியிருந்ததால், இரண்டு வருடம் கழித்து அதை எடுத்தபோது எங்கே பொறுமை இழந்தேன் என்று தெரிந்தது. இரண்டாம் முறை முழுதும் படித்தேன்.

இன்னொரு தவறு சின்னதாகத் தெரியும், விளைவு பெரியது. பிடித்த வரியை நோட்டில் எழுதிக்கொள்வோம், மேற்கோள் குறி போட மாட்டோம், பக்க எண்ணும் எழுத மாட்டோம். பத்து வருடம் கழித்துப் புரட்டும்போது அந்த நல்ல வரி நாம் எழுதியதா, ஆசிரியர் எழுதியதா என்று தெரியாது. நம் சொந்த வரி என்று நம்பி இன்னொரு இடத்தில் எடுத்துப் போட்டுவிடும் ஆபத்தும் உண்டு. எடுத்து எழுதும் ஒவ்வொரு வரிக்கும் குறி, புத்தகப் பெயர், பதிப்பு, பக்க எண் நான்கையும் அப்போதே போட்டுவிடுங்கள். நூலகப் புத்தகமாக இருந்தால் கட்டாயம். திருப்பிக் கொடுத்தபின் தேடிப் பிடிப்பது லேசில்லை.

இசைக்கு வருகிறேன். இங்கே பயம்தான் முதல் எதிரி. ராகம் தெரியாது, தாளம் தெரியாது, நான் என்ன எழுத என்று பலர் விட்டுவிடுகிறார்கள். எழுதுபவர்களும் "அருமை", "மெய்மறந்தேன்" என்று முடித்துவிடுகிறார்கள். நம் ஊர்க் கோயில் கொடைத் திருவிழாவில் வில்லுப்பாட்டு கேட்டுவிட்டு வந்து "அருமையான வில்லுப்பாட்டு" என்று எழுதினால், மறுவருடம் படிக்கும்போது அந்த ராத்திரி திரும்பி வராது. கேட்டதை எழுதுங்கள். பாட்டை நடத்தும் அண்ணாவி வீசுகோலால் வில்லின் நாணைத் தட்டும்போது மணிகள் எப்படி விழுந்தன, குடம் அடிப்பவர் எந்த இடத்தில் வேகம் பிடித்தார், உடுக்கை எப்போது ஓய்ந்தது. சாமி வரும் கட்டத்தில் கூட்டம் எப்படி எழுந்து நின்றது, பக்கத்தில் இருந்த ஆச்சி கதையின் அடுத்த வரியைப் பாடகருக்கு முன்னாலேயே எப்படி முணுமுணுத்தார். இதற்கு எந்தச் சாஸ்திரமும் தெரிந்திருக்க வேண்டாம், காதும் கவனமும் இருந்தால் போதும். ராகம் தெரிந்தால் எழுதுங்கள். தெரியாவிட்டால் ஊகித்து எழுதாதீர்கள், தப்பான பெயர் ஒருமுறை நோட்டில் ஏறிவிட்டால் பிறகு அதுவே உண்மைபோல நின்றுவிடும். ஒரே பாட்டைப் பலர் பாடியிருப்பார்கள், ஆகவே யார் பாடியது, எங்கே கேட்டது என்பதையும் சேருங்கள்.

அன்றாட வாழ்க்கையை எழுதுவதில் எல்லாரும் பெரிய சம்பவத்துக்காகக் காத்திருக்கிறார்கள். கல்யாணம், மரணம், பயணம் வந்தால்தான் பேனாவை எடுப்பது. புதுச்சேரியில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராகவும் இடையாளாகவும், இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பை இன்றும் ஆய்வாளர்கள் புரட்டுகிறார்கள். போரும் அரசியலும் அதில் உண்டு. அவற்றோடு கப்பல் வந்தது, யார் யாரைப் பார்க்கப் போனார்கள், என்ன பேச்சு ஊரில் ஓடியது என்பதெல்லாம் இருப்பதால்தான் அந்தக் காலத்துப் புதுச்சேரி நமக்குக் கண்ணில் தெரிகிறது. என் அப்பா எழுத்தாளர் இல்லை. அவர் ஒரு கணக்கு நோட்டு வைத்திருந்தார். மரச்சீனி இத்தனை கிலோ, சாளை மீன் இத்தனை ரூபாய், "மழை, தேங்காய் வெட்டு நடக்கவில்லை" என்று மட்டும் இருக்கும். எங்கள் வீட்டில் எல்லாரும் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பது அந்த நோட்டைத்தான்.

அதனால் விலையை எழுதுங்கள், அளவை எழுதுங்கள். "மழை பெய்தது" என்பது நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் பாதிச் செய்திதான். தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்கிற இடம் இது, கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் நெல் விளைந்ததும் அந்த மழைகளை நம்பித்தான். மலைப்பக்கம் கறுத்து வந்த மழையா, கடல்பக்கம் இருந்து வந்ததா, ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று அன்று அடித்ததா என்று ஒரு வரி கூட்டுங்கள். தேதியில் வருடத்தையும் போடுங்கள். "வெள்ளிக்கிழமை" என்று மட்டும் எழுதிய பக்கங்கள் என்னிடம் நிறைய இருக்கின்றன, எந்த வெள்ளி என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

மொழியிலும் ஒரு தவறு நடக்கிறது. வாயில் மரச்சீனி, நோட்டில் மரவள்ளிக்கிழங்கு. வாயில் சக்கை, நோட்டில் பலாப்பழம். வாயில் நல்லமிளகு, நோட்டில் வெறும் மிளகு. 1956 நவம்பர் 1-ல் தமிழ்நாட்டோடு சேரும்வரை திருவிதாங்கூர், அப்புறம் திருவிதாங்கூர்-கொச்சி என்று இருந்த மண் இது. மலையாளத்தோடு பங்குபோட்ட சொற்கள் நம்மிடம் இயல்பாகவே உண்டு. பொதுத்தமிழில் எழுதுவது தப்பில்லை. ஆனால் வீட்டில் ஒருவர் சொன்னதை எழுதும்போது அவர் சொன்ன சொல்லையே எழுத வேண்டும். மாற்றி எழுதினால் அந்த ஆளே மாறிவிடுவார்.

தினமும் ஒரு பக்கம் என்று சத்தியம் செய்யாதீர்கள், நாலாம் நாள் தவறியதும் எல்லாமே தவறியதாகத் தோன்றும். வாரத்தில் மூன்று நாள், ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு என்று ஏற்கெனவே நடக்கும் ஒன்றோடு கட்டிவிடுங்கள். அடுத்தவர் வீட்டுக் கஷ்டத்தை எழுதினால் பெயரை விட்டுவிடுங்கள், நோட்டு எப்போதும் உங்கள் கையிலேயே இருக்காது. முழுதையும் போனில் மட்டும் வைக்காதீர்கள். என் பழைய போனோடு எட்டு மாதக் குறிப்புகள் போயின. காகிதத்தில் எழுதுவதானால் பால்பாயிண்ட் பேனா நல்லது, ஊற்றுப்பேனா மை பெரும்பாலும் ஈரத்தில் கரையும். மழைக்காலத்தில் நோட்டுகளைச் சுவரில் ஒட்டி அடுக்காமல், காற்றுப் போக இடம் விட்டு வையுங்கள், கரையான் வருகிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள்.

திரும்ப எழுதத் தொடங்கிய முதல் வாரம், எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மத்தியானம் சாளைக் குழம்பு என்று எழுதியிருந்தேன். "சாளையா? அது அயலைல்லா" என்றார். அடித்துவிட்டு மேலே அயலை என்று எழுதினேன். அடித்த சாளையும் பக்கத்திலேயே இருக்கிறது.