பிரவுசரில் விடாமல் வந்து விழும் விளம்பரங்கள்: விண்டோஸ் அடிக்காமல் நிறுத்தும் வழி

"கொம்பியூட்டர் முழுக்க வைரஸ், விண்டோஸ் அடிச்சுத் தாங்கோ" என்று, அதாவது விண்டோஸைப் புதிதாக நிறுவித் தரச் சொல்லி, லப்டொப்பைத் தூக்கிக்கொண்டு வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒரு கேள்விதான். அந்த விளம்பரம் திரையில் எந்த இடத்தில் வருகிறது? பலருக்குப் பதில் தெரியாது. வந்தவுடன் மூடும் குறியைத் தேடுவதிலேயே கண் போய்விடும். எங்கே வருகிறது, எப்போது வருகிறது என்று நிதானமாகப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்த மாதிரி. அனேகமான நேரங்களில் அது வைரஸே இல்லை. நீங்களோ வீட்டுப் பிள்ளைகளோ என்றோ ஒருநாள் கொடுத்த அனுமதிதான் அப்படி வந்து நிற்கிறது. அதைத் திருப்பி எடுக்க யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை.

முதலில் பாருங்கள், பிறகு தொடுங்கள்

அடுத்த முறை விளம்பரம் வரும்போது உடனே மூடாதீர்கள். அதை அழுத்தவும் வேண்டாம். பார்த்தால் போதும்.

திரையின் வலப்பக்கக் கீழ் மூலையில் சின்னப் பெட்டியாக வருகிறதா? பிரவுசரைச் சுருக்கிவிட்டு வேறு வேலை செய்யும்போதும் வருகிறதா? அப்படியென்றால் அது அறிவித்தல், அதாவது நோட்டிபிகேஷன். நான் பார்ப்பவற்றில் அதிகம் இந்த வகைதான்.

ஒரு குறிப்பிட்ட தளத்துக்குப் போனால் மட்டும், எதை அழுத்தினாலும் புதுப் பக்கம் திறக்கிறதா? அது அந்தத் தளத்தின் வேலை.

எந்தத் தளத்துக்குப் போனாலும் விளம்பரம், கூகுளில் தேடினால் வேறெங்கோ கொண்டுபோகிறது, முகப்புப் பக்கம் தானாக மாறிவிட்டது என்றால் எக்ஸ்டென்ஷனோ (பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சின்னத் துணை மென்பொருள்) வேறு மென்பொருளோ உள்ளே வந்திருக்கிறது. போனில் பிரவுசரைத் திறக்காமலே முழுத்திரை விளம்பரம் வந்தால் ஏதோ ஒரு அப்பைச் சந்தேகப்படுங்கள்.

மூலையில் வரும் பெட்டிகள்

உயர்தரப் பெறுபேறு வரும் நாளிலோ, இலவசமாகக் கிரிக்கெட் பார்க்கத் தேடும்போதோ, கடந்தகால வினாத்தாள் தேடும்போதோ கண்ணில் பட்ட தளங்களையெல்லாம் திறப்போம். அதில் ஒன்று, "நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அலவ் என்பதை அழுத்துங்கள்" என்று கேட்கும். அவசரத்தில் அழுத்திவிடுவோம். உண்மையான ரோபோ சோதனை எதுவும் அப்படி அறிவித்தல் அனுமதி கேட்பதில்லை. நீங்கள் அழுத்தியது, உங்கள் திரைக்கு எப்போது வேண்டுமானாலும் செய்தி அனுப்பலாம் என்ற அனுமதி. திருகோணமலைக் கோட்டைப் பக்கமிருந்து டவுனுக்குள் வரும் மானுக்கு ஒருநாள் பாண் துண்டு போட்டால் மறுநாளும் வாசலில் வந்து நிற்குமே, கூட்டத்தையும் கூட்டிக்கொண்டு, அதே கதைதான். அந்தத் தளத்தைப் பிறகு நீங்கள் திறக்கவே தேவையில்லை. குரோம் பின்னால் ஓடிக்கொண்டிருந்தால் போதும், அறிவித்தல் வந்துகொண்டே இருக்கும்.

இந்த வசதி குரோமில் 2015இல் வந்தது. செய்தித்தளங்களும் மின்னஞ்சலும் பயன்படுத்தட்டும் என்று கொண்டுவந்தார்கள். ஆபாசப் படங்களும் போலி வைரஸ் எச்சரிக்கைகளும் அதே வழியால் வரத் தொடங்கிவிட்டன. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் கெஸ்ட் ஹவுஸ் ரிசப்ஷனில் லப்டொப் வைத்திருப்பவர்களுக்கு இது பெரிய மானக்கேடு. விருந்தினருக்கு புக்கிங்கைக் காட்டத் திரையைத் திருப்பும் நேரம் பார்த்துத்தான் வந்து விழும்.

கொம்பியூட்டரில் இப்படிச் செய்யுங்கள்.

1. குரோமைத் திறந்து வலப்பக்க மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்துங்கள். வரும் பட்டியலில் செட்டிங்ஸ் என்பதைத் தெரிவு செய்யுங்கள்.

2. இடப்பக்கம் பிரைவசி அண்ட் செக்யூரிட்டி. அதற்குள் சைட் செட்டிங்ஸ். அதற்குள் நோட்டிபிகேஷன்ஸ்.

3. கீழே இறங்கினால், அறிவித்தல் அனுப்ப அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். இங்கேதான் பலர் திகைத்துப்போவார்கள். வாயில் நுழையாத எழுத்துக்கோர்வைகளாக, ஒருநாளும் பார்த்திராத பெயர்கள் வரிசையாக நிற்கும்.

4. தெரியாத ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்தி பிளொக் கொடுங்கள். ரிமூவ் என்றும் ஒன்று இருக்கும். நான் பிளொக் செய்வதையே விரும்புவேன். ரிமூவ் செய்தால் அந்தத் தளம் மறுபடியும் வந்து அனுமதி கேட்கலாம், பிளொக் செய்தால் கேட்காது.

5. அதே பக்கத்தின் மேலே, எந்தத் தளமும் அறிவித்தல் அனுப்ப அனுமதிக்காதே என்ற தெரிவு உண்டு. ஆங்கிலத்தில் டோன்ட் அலவ் என்று தொடங்கும். அதைத் தெரிவு செய்துவிட்டால் இனி எந்தப் புதுத் தளமும் கேட்டுத் தொல்லை தராது. வயதானவர்கள் பாவிக்கும் கொம்பியூட்டரில் இதை யோசிக்காமல் செய்துவிடுங்கள்.

எட்ஜ், ஃபயர்பொக்ஸ் பாவிப்பவர்கள் அந்தந்த செட்டிங்ஸ் பக்கத்தில் உள்ள தேடல் பெட்டியில் நோட்டிபிகேஷன்ஸ் என்று ஆங்கிலத்தில் அடித்தால் அந்த இடத்துக்கே கொண்டுபோகும். ஒரே கொம்பியூட்டரில் குரோமும் எட்ஜும் இருந்தால் இரண்டிலும் பார்க்க வேண்டும்.

ஆண்ட்ராய்ட் போனில் இதைவிடச் சுலபம். மேலிருந்து கீழே இழுத்து, அந்த அறிவித்தலை அழுத்தியபடியே கொஞ்சம் பிடியுங்கள். எந்தத் தளத்திலிருந்து வந்தது என்று காட்டும், அங்கேயே நிறுத்தலாம். குரோமின் மூன்று புள்ளிகள், செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என்ற பாதை போனிலும் உண்டு. குரோமின் எல்லா அறிவித்தல்களையும் மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள். டவுன்லோட் எவ்வளவு முடிந்தது என்பதும் தெரியாமல் போய்விடும்.

திரை முழுக்கச் சிவப்பாக எச்சரிக்கை

"உங்கள் கொம்பியூட்டர் முடக்கப்பட்டது, உடனே இந்த இலக்கத்துக்கு அழையுங்கள்" என்று அலாரச் சத்தத்துடன் ஒரு பக்கம் திரையை மூடும். அது வெறும் இணையப்பக்கம். ஒரு இணையப்பக்கம் உங்கள் கொம்பியூட்டரைச் சோதித்து வைரஸ் எண்ண முடியாது. மைக்ரோசொஃப்ட்டின் உண்மையான எச்சரிக்கைகளில் தொலைபேசி இலக்கம் இருப்பதில்லை. மக்காபி, நோர்ட்டன் என்று பெயர் போட்டு வருவதும் உண்டு. அந்த மென்பொருள் உங்கள் கொம்பியூட்டரிலேயே இல்லையென்றால் அது எப்படி எச்சரிக்கும்?

மூடும் வழி: எஸ்கேப் விசையை சில வினாடி அழுத்திப் பிடியுங்கள். முழுத்திரை விலகும். பிறகு அந்த டப்பை மூடலாம். மசியாவிட்டால் கொன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்தி டாஸ்க் மனேஜரைத் திறந்து, குரோமைத் தெரிவு செய்து எண்ட் டாஸ்க் கொடுங்கள். மறுபடி குரோமைத் திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்கும். மீட்காதீர்கள், அதே சனியன் திரும்பி வரும்.

அந்த இலக்கத்துக்கு ஒருபோதும் அழைக்க வேண்டாம். அழைத்தால், தூர இருந்து உங்கள் திரையை இயக்கும் மென்பொருள் ஒன்றை இறக்கச் சொல்வார்கள். அதற்குப் பிறகு வங்கிக் கணக்குவரை கை நீளும்.

ஒரு தளத்தில் மட்டும் வந்தால்

இலவசப் படம், இலவசக் கிரிக்கெட் தளங்களில் பிளே குறிக்கு மேலே கண்ணுக்குத் தெரியாத ஒரு அடுக்கு போட்டிருப்பார்கள். முதல் அழுத்து விளம்பரத்துக்குத்தான். சைட் செட்டிங்ஸில் பொப்அப்ஸ் அண்ட் ரீடைரெக்ட்ஸ் என்ற பகுதிக்குப் போய், அனுமதித்த பட்டியலில் எதுவும் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு மேலும் வேண்டுமென்றால் விளம்பரத் தடுப்பான் போடலாம். ரேமண்ட் ஹில் உருவாக்கிய யூபிளொக் ஒரிஜின் ஃபயர்பொக்ஸில் முழுமையாக வேலை செய்கிறது. குரோமுக்கு இப்போது அதன் லைட் பதிப்புத்தான். அதே மாதிரிப் பெயரில் வேறும் உண்டு, இறக்குமுன் உருவாக்கியவர் பெயரைப் பாருங்கள். போனில் குரோம் எக்ஸ்டென்ஷன்களை ஏற்காது, ஃபயர்பொக்ஸ் ஏற்கும். டேட்டாவும் மிச்சமாகும்.

வினாத்தாள் இறக்கும் மாணவர்களுக்கு ஒரு சொல்: ஒரே பக்கத்தில் பெரிதாக நாலு டவுன்லோட் பொத்தான் இருந்தால் பெரும்பாலும் மூன்று விளம்பரம். நீங்கள் கேட்டது பிடிஎஃப், வந்தது இஎக்ஸ்இ அல்லது ஏபிகே (கொம்பியூட்டரிலும் போனிலும் மென்பொருள் நிறுவும் கோப்புகள்) என்றால் திறக்காமல் அழியுங்கள்.

எந்தத் தளத்துக்குப் போனாலும் வந்தால்

இது கொஞ்சம் பொறுமை வேண்டிய வேலை. மூன்று புள்ளிகள், எக்ஸ்டென்ஷன்ஸ், மனேஜ் எக்ஸ்டென்ஷன்ஸ் என்று போங்கள். இருக்கும் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு அரைநாள் பாவித்துப் பாருங்கள். விளம்பரம் நின்றால் ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்கள். எதைப் போட்டதும் தொல்லை திரும்புகிறதோ அதை ரிமூவ் செய்யுங்கள். வீடியோ இறக்கித் தரும், பிடிஎஃப் மாற்றித் தரும், விலைக்கழிவு தேடித் தரும் என்பவற்றில்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன்.

அழித்தது மறுநாள் திரும்பி வந்தால் பயப்படாதீர்கள். வீட்டில் இரண்டு கொம்பியூட்டரில் ஒரே கூகுள் கணக்கு இருந்தால், மற்றக் கொம்பியூட்டரில் உள்ள எக்ஸ்டென்ஷன், இரண்டையும் ஒரே மாதிரி வைக்கும் சிங்க் வசதி வழியாக இங்கே வந்துவிடும். இரண்டிலும் அழிக்க வேண்டும்.

ரிமூவ் பொத்தானே வேலை செய்யாமல், மூன்று புள்ளிப் பட்டியலின் அடியில் உங்கள் நிறுவனம் இதை நிர்வகிக்கிறது என்ற பொருளில் மனேஜ்ட் என்று தொடங்கும் வரி தெரிகிறதா? அலுவலக லப்டொப் என்றால் அது வழமை. சில வைரஸ் தடுப்பு மென்பொருளும் அப்படி ஒரு வரியை வரவைக்கும். இரண்டும் இல்லாத சொந்தக் கொம்பியூட்டர் என்றால் ஒரு மென்பொருள் உள்ளிருந்து குரோமைப் பூட்டி வைத்திருக்கிறது. அதைப் பிடிக்க:

விண்டோஸ் செட்டிங்ஸில் அப்ஸ் பகுதிக்குப் போய், நிறுவிய திகதிப்படி பட்டியலை ஒழுங்குபடுத்துங்கள். தொல்லை தொடங்கிய நாள்களை ஒட்டி, உங்களுக்குத் தெரியாமல் வந்த பெயர்கள் மேலே நிற்கும். அவற்றை அன்இன்ஸ்டோல் செய்யுங்கள்.

டெஸ்க்டொப்பில் உள்ள குரோம் ஐகனில் வலது கிளிக் செய்து புரொப்பர்ட்டீஸ் பாருங்கள். டார்கெட் என்ற வரி குரோம் டொட் இஎக்ஸ்இ என்பதோடும் மேற்கோள் குறியோடும் முடிய வேண்டும். அதற்குப் பிறகு ஏதாவது இணைய முகவரி ஒட்டியிருந்தால் அதை அழித்துச் சேமியுங்கள்.

பிறகு விண்டோஸ் செக்யூரிட்டியைத் திறந்து, வைரஸ் பகுதியில் ஸ்கேன் ஒப்ஷன்ஸ் சென்று ஃபுல் ஸ்கேன் ஓடவிடுங்கள். இரவு போட்டுவிட்டுப் படுக்கலாம். அதிலும் அகப்படாவிட்டால் ஒஃப்லைன் ஸ்கேன். அது கொம்பியூட்டரை ரீஸ்டார்ட் செய்து, விண்டோஸ் முழுதாக எழும்ப முன்னரே தேடும். மல்வெயார்பைட்ஸ் நிறுவனத்தின் அட்வ்கிளீனர் இலவசம், நிறுவத் தேவையில்லை, இந்த மாதிரி விளம்பர மென்பொருளுக்கென்றே செய்தது. அவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். யூரியூப் பழைய வீடியோக்களில் குரோமுக்குள்ளேயே கிளீன் அப் கொம்பியூட்டர் என்று ஒன்றைக் காட்டுவார்கள். அதைக் கூகுள் 2023இல் எடுத்துவிட்டது, தேடி அலைய வேண்டாம்.

கடைசியாக குரோம் செட்டிங்ஸில் ரீசெட். முகப்புப் பக்கம், தேடுபொறி, தள அனுமதிகள் எல்லாம் பழைய நிலைக்குப் போகும், எக்ஸ்டென்ஷன்கள் அணைந்துவிடும். புக்மார்க், சேமித்த கடவுச்சொல், ஹிஸ்டரி அழியாது. தளங்கள் உங்களை நினைவில் வைத்திருக்க உதவும் குக்கீகள் போய்விடுவதால் தளங்களில் திரும்ப உள்நுழைய வேண்டிவரும், பேஸ்புக் கடவுச்சொல்லை ஞாபகப்படுத்திக்கொண்டு தொடங்குங்கள்.

போனில் முழுத்திரை விளம்பரம்

விளம்பரம் வந்தவுடன் கடைசியாகத் திறந்த அப்களைக் காட்டும் பொத்தானை அழுத்துங்கள். அந்த விளம்பர அட்டையின் மேலே எந்த அப்பின் ஐகன் இருக்கிறதோ அதுதான் ஆள். டோர்ச், கியூஆர் ஸ்கேனர், போனைச் சுத்தம் செய்யும் கிளீனர், வோல்பேப்பர் அப்களில் இது அதிகம். டோர்ச் போனிலேயே இருக்கிறது, தனி அப் எதற்கு?

ஐகன் தெரியாவிட்டால் செட்டிங்ஸில் அப்ஸ், ஸ்பெஷல் அக்சஸ் என்று போய், மற்ற அப்களின் மேல் தோன்ற அனுமதி பெற்றவை எவை என்று பாருங்கள். அன்இன்ஸ்டோல் மங்கலாகக் கிடந்தால், டிவைஸ் அட்மின் பட்டியலில் அந்த அப் இருக்கும். அங்கே அணைத்துவிட்டு வந்து அழியுங்கள். முடிந்ததும் பிளே ஸ்டோரில் பிளே புரொடெக்ட் ஸ்கேன் ஒன்று ஓடவிடுங்கள். வட்ஸ்அப்பில் வரும் ஏபிகே கோப்பை, அனுப்பியவர் மாமாவாக இருந்தாலும் நிறுவ வேண்டாம்.

ஐபோன்காரருக்குப் பெரும்பாலும் வருவது கலண்டர் வழித் தொல்லை. உங்கள் ஐபோனில் வைரஸ் என்று கலண்டர் நினைவூட்டலாக வரும். கலண்டர் அப்பில் அந்த நிகழ்வைத் திறந்து, அடியில் உள்ள அன்சப்ஸ்கிரைப் என்பதை அழுத்தினால் போய்விடும்.

ஏற்கெனவே ஏதாவது விளம்பரத்தில் கார்ட் இலக்கம் கொடுத்திருந்தால், மேலே சொன்ன எதையும் செய்ய முன்னர், கார்டின் பின்புறம் உள்ள இலக்கத்துக்கு அழைத்து அதை நிறுத்தச் சொல்லுங்கள். கடவுச்சொல் கொடுத்திருந்தால் வேறொரு சுத்தமான போனிலிருந்து மாற்றுங்கள். ரீலோட் காசு தானாகக் குறைகிறது என்றால் சிம் நிறுவனத்தை அழைத்து, கட்டணச் சேவை ஏதும் உங்கள் இலக்கத்தில் போய்க்கொண்டிருக்கிறதா என்று கேட்டு நிறுத்துங்கள். இணைய மோசடியை முறையிட, இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் அரச நிறுவனமான ஸ்ரீலங்கா சேர்ட்டின் இலக்கம் 101.